அமரோக்கும் இயோலாவின் பெயரும்

ஃப்ரோபிஷர் பே
பிப்ரவரி 11, 1981

அன்புள்ள மீக்கா அண்ணிக்கு,

லீத்தியா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் நான்கு பெண்கள், நான்கு பேருக்கும் நிறைமாதம். விமானி திரும்பிப் பார்த்துவிட்டு, "எட்டுப் பேரு ஏறியிருக்கீங்க, டிக்கெட் நாலுதானே இருக்கு?" என்றான். சிரித்தோம். ஏறி உட்கார்ந்தபோது அழுத அழுகையெல்லாம் அதில் கொஞ்சம் கரைந்தது.

நீங்கள் உங்கள் பிள்ளைகளைக் கூடாரத்திலேயே பெற்றீர்கள். எங்களை ஒரு மாதம் முன்பே இங்கே அனுப்பிவிடுகிறார்கள். விடுதியில் என் அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள், ஆறாவது பிரசவமாம், படுத்தவுடன் குறட்டை விடுகிறாள். எனக்குத் தூக்கமே இல்லை. தினமும் வேகவைத்த உருளைக்கிழங்கு, அதன்மேல் ஒரு குழம்பு. குழம்புக்கு நிறம் உண்டு, வாசனை கிடையாது. கல்லூரியில் இரண்டு வருடம் இதைத்தான் தின்றேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வயிற்றில் இருப்பது பனிமான் கொழுப்பு கேட்கிறது. முதுகுக் கொழுப்பு, பச்சையாக, கத்தியால் சீவி. எழுதும்போதே வாய் ஊறுகிறது. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், முடிந்தால் விமானத்தில் ஒரு துண்டு அனுப்பட்டும்.

ஆனால் அவரைத் தனியாக விடாதீர்கள் அண்ணி. உங்கள் வீட்டுக்காரர் இப்பீலி அண்ணனோடு போகச் சொல்லுங்கள். நான் கிளம்பும் முன் கடையில் கௌனாக் தாத்தா அவரைப் பிடித்துக்கொண்டார். "தனியா வேட்டைக்குப் போறவன் பின்னாலதான்டா அமரோக் வரும். மத்த ஓநாய் மாதிரி கூட்டமா வராது. அதுவும் ஒண்டிக்கட்டை, உன்ன மாதிரி." இவர் என்ன சொன்னார் தெரியுமா? "வரட்டும் தாத்தா, பேச்சுத்துணைக்கு ஆச்சு." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் அமரோக் என்ற ராட்சச ஓநாய் வெறும் கதை என்று சொல்பவள் நான். இங்கே படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வரவில்லை.

அவர் கடிதம் எழுத மாட்டார். போன வருடம் எழுதச் சொன்னதற்கு நாய் படம் வரைந்து அனுப்பினார். நீங்கள்தான் எழுத வேண்டும்.

லீத்தியா


நுவுக்
பிப்ரவரி 25

லீத்தியா,

உன் கடிதத்தை இப்பீலி சத்தமாகப் படித்தான். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம். கொழுப்பு வந்த இடத்தில் உன் புருஷன் எழுந்து பனிவண்டிக்குப் பெட்ரோல் ஊற்றப் போய்விட்டான்.

நான் தடுக்கவில்லை என்று நினைக்காதே. "ஞாயித்துக்கிழமை கழியட்டும்டா, நானும் வர்றேன்" என்று இப்பீலியும் சொன்னான். அதற்கு இவன், "அதுக்குள்ள ப்ளேன் போயிடும் மாமா. அவ அங்க உருளைக்கிழங்க முறைச்சிக்கிட்டு உக்காந்திருப்பா" என்றான். நான் வாசலில் நின்று, "டேய், ஒண்டியா போகாத" என்றேன். "அக்கா, நீ ஒருத்தியே பத்து ஓநாய்க்குச் சமம், உன்கிட்டயே வளர்ந்தவன் நான்" என்றான். அந்த வாய்க்குப் பதில் சொல்ல எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? ஐந்து வயதில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவன், அந்தத் திமிர்.

சனிக்கிழமை போனான். திங்கட்கிழமை வந்திருக்க வேண்டும். இன்று புதன். காற்று திரும்பியிருக்கிறது, எங்காவது பனிவீடு கட்டி, கெட்டிலைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பான். நாளைக் காலை இப்பீலியும் அவன் கூட்டாளி சைமோனியும் கிளம்புகிறார்கள்.

நீ கவலைப்படாதே. அதை நான் பட்டுக்கொள்கிறேன். நீ சாப்பிடு.

மீக்கா


நுவுக்
மார்ச் 6

லீத்தியா,

பெண் பிறந்தாள் என்று ரேடியோ போனில் சொன்னபோது நான் வெளியில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் செருப்போடு பனியில் ஓடிவந்தாள். "பொண்ணு, மீக்கா! ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க!" அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவன் திரும்பவில்லை என்று இப்பீலி போனில் சொன்னதற்கு நீ "சரி" என்று மட்டும் சொன்னாயாம். அந்தச் "சரி" என் காதில் விழாமல் போனதே நல்லது.

இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி.

நீளமான ஏரியில் வண்டி கிடைத்தது. பனிக்கு அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது, அதில் இறங்கி அப்படியே உறைந்துவிட்டது. துப்பாக்கியும் படுக்கையும் பனி அறுக்கும் கத்தியும் அங்கே இல்லை, எடுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறான். மேற்கே குன்றுப் பக்கம் அவன் காலடி போகிறது. அதன் பக்கத்திலேயே ஓர் ஓநாயின் தடம். ஒன்றே ஒன்று. அவன் நின்ற இடத்தில் அதுவும் நின்றிருக்கிறது. இப்பீலி தன் கையுறையை விரித்து ஒரு தடத்துக்குள் வைத்துப் பார்த்தான். கையுறை உள்ளே போய், சுற்றி இடம் இருந்தது.

போலீஸ்காரர், "வெயிலும் காத்தும் பட்டா தடம் விரியும்மா, சாதாரண ஓநாய்தான்" என்கிறார். கௌனாக் கிழவர் அவரைப் பார்த்து, "சாதாரண ஓநாய்க்குக் கூட்டாளி இருக்குமே ஐயா. இதோட கூட்டாளிங்க எங்க?" என்று கேட்டார். குன்றை எட்டும் முன்பே புயல் வந்து எல்லாத் தடத்தையும் துடைத்துவிட்டது. போலீஸ் விமானம் இரண்டு தடவை பறந்தது. வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் கேட்கப் போவது உனக்குத் தெரியும். குழந்தைக்கு அவன் பெயரை வை. இயோலா என்று.

பெண்ணாயிருந்தால் என்ன? பெயருக்கு ஆண் பெண் கிடையாது. இப்பீலி தன் அப்பா பெயர் வைத்த சைமோனி மகனை "அப்பா, மூக்கைத் துடை" என்று கூப்பிடவில்லையா? நான் உன் மகளைத் தம்பி என்பேன். நீ புருஷனைத் திட்டியதுபோல் திட்டிக்கொள். உடம்பு கிடைக்காதவனின் பெயரை அமரோக் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு திரியும் என்று அம்மா சொல்வாள். குழந்தைக்கு வைத்துவிட்டால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். வெளியில் குளிரில் அலைய மாட்டான்.

சீக்கிரம் வை.

மீக்கா


ஃப்ரோபிஷர் பே
மார்ச் 10

அண்ணி,

வைக்க மாட்டேன்.

பெயர் வைப்பது இறந்தவருக்கு. உங்கள் தம்பி இறந்துவிட்டார் என்று யார் சொன்னது? ஒரு காலடித் தடமா? வண்டிதான் நின்றிருக்கிறது, மனிதர் நிற்கவில்லை, நடந்திருக்கிறார், அதுவும் கத்தியையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு. சாகப் போகிறவர் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவாரா?

பெயர் வைத்த அன்றே நம் ஆண்கள் பெட்ரோல் கேனைக் கீழே வைத்துவிடுவார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தைக்குள் வந்துவிட்டவனைத் தேடி யாராவது வெளியே போவார்களா? அதனால்தான் வைக்க மாட்டேன். நான் வைக்காதவரை அவரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

குழந்தை சின்னது. ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள். நிறுத்தாமல் அழுகிறாள். காற்று அடைத்திருக்கிறது என்கிறாள் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரி, அந்தக் குறட்டைக்காரி, "பேருக்கு அழுவுது. யாருன்னு தெரியாத புள்ளைக்குப் பால் எப்படி இறங்கும்? வச்சுத் தொலை" என்கிறாள். நான் இரண்டையும் நம்பவில்லை, இரண்டையும் நம்புகிறேன். மூச்சு விடுகிறாளா என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன். அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையில் "பெண்" என்று மட்டும் இருக்கிறது. அழுது அழுது அது முழங்கை வரை ஏறிவிடுகிறது. நான் இறக்கிவிடுகிறேன்.

கொழுப்பு கேட்டது நான்தான். நீங்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காக நன்றி, ஆனால் சொல்லிவிட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குன்றுக்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காற்று அடித்தால் அதன் முதுகுப் பக்கம்தான் அவர் ஒதுங்குவார். கல்யாணம் ஆன வருடம் என்னை அங்கே கூட்டிப்போயிருக்கிறார். ஒரு பெரிய பாறை நீட்டிக்கொண்டிருக்கும். இப்பீலி அண்ணனுக்குத் தெரியும். அங்கே பாருங்கள் அண்ணி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

லீத்தியா


நுவுக்
மார்ச் 17

லீத்தியா,

பெயர் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஊர் ரேடியோவில் நானே சொன்னேன். லீத்தியாவின் மகள் பெயர் இயோலா என்று.

நீ கத்துவாய். கத்து. ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கத்து.

இப்பீலியின் இடது கையில் மூன்று விரல் குளிரில் உறைந்து கறுத்துவிட்டது. நர்ஸ் தினமும் பிரித்துப் பார்க்கிறாள், ஒன்றை எடுக்க வேண்டியிருக்குமாம். சைமோனியின் வண்டி பனிக்குள் இறங்கி, இடுப்பு வரை நனைந்து, நடந்தே வந்தான். அவன் மனைவி என் வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புயல் வரும் என்று வானம் சொன்னது. அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே நம் ஆண்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், நீ சொன்ன பாறையைப் பார்க்க. அந்தப் பாறைப் பக்கம்தான் அந்த ஓநாயின் தடம் போனது. தம்பியைக் கொடுத்துவிட்டேன். புருஷனையும் கொடுக்க என்னால் முடியாது.

அதனால் ரேடியோ நிலையத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது இப்பீலி வண்டியை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"பேரு வச்சாச்சா? லீத்தியா சொன்னாளா?"

"சொன்னா" என்றேன்.

அவன் கேனை இறக்கி வைத்தான். வீட்டுக்குள் போனான். மற்றவர்களும் போனார்கள். நீ சொல்லாததைச் சொன்னதாக உன் பெயரில் ஒரு பொய் சொன்னேன். எல்லோரிடமும் பொய், உன்னிடம் மட்டும் உண்மை.

அன்று எல்லோருக்கும் சீல் கறி சமைத்துப் போட்டேன். வந்தவர்கள் எல்லாம் "தம்பி எப்ப வர்றாரு?" என்று உன் மகளைப் பற்றிக் கேட்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

குழந்தை அழுகையை நிறுத்தினாளா? எழுது.

மீக்கா


ஃப்ரோபிஷர் பே
மார்ச் 24

மீக்கா அவர்களுக்கு,

அழுகையை நிறுத்திவிட்டாள். உங்கள் பெயரால் அல்ல. நர்ஸ் சொன்ன மருந்தால்.

அவள் என் வயிற்றில் இருந்தவள். உங்கள் ரேடியோவில் இருந்தவள் அல்ல. என் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட மாட்டேன். அவர் வந்து கேட்டால், "உங்க பேரை எடுத்துக் கொடுத்துட்டோம், நீங்க வேற பேரு பாத்துக்கங்க" என்றா சொல்வேன்?

உங்கள் புருஷன் கையில் விரல் போகிறது. வருத்தம்தான். ஆனால் அவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். ராத்திரி உங்கள் பக்கத்தில் படுக்கிறார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை இருக்கிறது. கல்லூரித் தோழி ஒருத்தி அறை தருகிறாள். நான் அங்கே வரவில்லை.

லீத்தியா


நுவுக்
ஏப்ரல் 9

லீத்தியா,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. படித்தாயா, கிழித்தாயா தெரியவில்லை. அதனால் இதில் எதுவும் எழுதவில்லை.

குழந்தையை முதுகில் வைத்துக்கொள்ளும் மேலங்கி தைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே முயல் தோல். தலை பக்கம் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறேன், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலை பெரிது.

மீக்கா


ஃப்ரோபிஷர் பே
ஏப்ரல் 16

மேலங்கி வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

லீ.


நுவுக்
மே 4

லீத்தியா,

இதை எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, மூன்றாவது நாள். இப்பீலி தானே எழுதுகிறேன் என்றான். வேண்டாம், நான்தான் எழுத வேண்டும்.

அவன் கிடைத்துவிட்டான்.

இப்பீலியும் சைமோனியும் மான் பார்க்கப் போனார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம், நீ சொன்ன பாறைக்கு அடியில். அங்கேதான். நீ சொன்ன இடத்தில்தான். பனிவீடு பாதி கரைந்து நின்றிருக்கிறது. உள்ளே படுக்கையில் படுத்திருந்தான். பாறையில் சறுக்கியிருக்க வேண்டும், வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, துப்பாக்கி உறையையும் கயிற்றையும் வைத்துக் கட்டியிருக்கிறான். நன்றாகத்தான் கட்டியிருக்கிறான், இப்பீலி சொன்னான். முகம் தூங்குவதுபோல் இருந்தது. பொய் சொல்லவில்லை, நானும் பார்த்தேன்.

இனி சொல்வதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் உன்னிடம் மட்டும் உண்மை பேசினேன் என்று எழுதியவள் நான்.

அவனுக்கு அடியில் ஒரு மான் தோல், மேலே ஒரு மான் தோல். மேலே கிடந்தது சினை மானின் தோல். வாசலில் இருந்தே சுட்டிருக்கிறான், நடக்க முடியாதவன் வேறு எப்படிச் சுடுவான்? சினை மான்கள் அந்தப் பள்ளத்துக்கு வருவது மார்ச் கடைசியில். அதற்கு முன்னால் வராது. ஒரு வருடமும் வந்ததில்லை. இப்பீலி அந்தத் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டானாம். சைமோனி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம்.

புரிகிறதா லீத்தியா? நான் ரேடியோவில் பெயரைச் சொன்ன அன்று அவன் உயிரோடு இருந்தான். நான் சீல் கறி பரிமாறிக்கொண்டிருந்தபோது அவன் அங்கே காலைக் கட்டிக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தான். என் தம்பி பெயரை அவன் உடம்பில் இருந்து நான் பிடுங்கி எடுத்தேன். பெயர் இல்லாத மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

இன்னொன்று. வாசலுக்கு உள்பக்கம் ஓர் ஓநாய் படுத்த குழி இருக்கிறது. ஒரு நாள் படுத்ததால் வந்த குழி இல்லை, பனி உருகி உருகி அடியில் கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. வெள்ளை முடி நீளநீளமாக அதில் ஒட்டியிருந்தது. கௌனாக் கிழவர் அடம் பிடித்துச் சறுக்குவண்டியில் ஏறி வந்தார். அந்தக் குழியில் தானே இறங்கிப் படுத்தார். காலை நீட்டினார். தலைக்கு மேல் இன்னும் இடம் இருந்தது. "நான் இன்னும் கொஞ்சம் வளரணும் போல" என்று எழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் உருகினால் குழி பெரிதாகும் என்று எழுதிக்கொண்டார். மான் எலும்புகள் அந்தக் குழியைச் சுற்றிக் கிடந்தன, கடித்து உடைத்தவை. அவன்தான் எறிந்திருக்க வேண்டும். அவன் மேல் ஒரு பல் தடம் கூட இல்லை.

ஏன் என்று கிழவருக்கும் தெரியவில்லை. அமரோக் தனியாக இருப்பவனை விட்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

நான் வெளியே போவதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ரொட்டி சுட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இப்பீலி என்னோடு பேசுகிறான், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான்.

குழந்தையிடம் இருந்து அந்தப் பெயரை எடுத்துவிடு. வேறு நல்ல பெயர் வை, திருட்டு இல்லாத பெயர். நான் கூப்பிட மாட்டேன். என் வாய்க்கு அந்த உரிமை போய்விட்டது.

அவனைக் கல் அடுக்கி மூட உனக்காகக் காத்திருக்கிறோம். குளிர் இன்னும் இருக்கிறது, வைத்திருக்க முடியும். வராவிட்டாலும் எழுது.

மீக்கா


ஃப்ரோபிஷர் பே
மே 12

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தோழி குடியிருக்கும் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் நின்று படித்தேன். இயந்திரச் சத்தத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது. கத்தினேன். குழந்தை என் முதுகில், உங்கள் மேலங்கிக்குள் இருந்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முடியைப் பிடித்து இழுத்து அவளும் கத்தினாள். அப்படியே இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

"மன்னித்தேன்" என்று மூன்று தாளில் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். வரவில்லை அண்ணி. தேடியிருந்தால் கிடைத்திருப்பார். அந்தப் பாறையைப் பார்த்திருந்தால் கட்டை ஊன்றிக்கொண்டாவது ஓடுதளத்துக்கு வந்து நின்றிருப்பார். இதை நான் மறக்கப் போவதில்லை, நீங்களும் மறக்கப் போவதில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்போம், இதுவும் நம்மோடு இருக்கும். பழகிக்கொள்வோம்.

ஆனால் பெயரை எடுக்கச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

கௌனாக் தாத்தா சொல்வதே சரி என்று வைத்துக்கொள்வோம். வந்தது அமரோக்தான். தனியாக இருப்பவனைத்தான் அது எடுக்கும். உங்கள் தம்பியால் ஓட முடியாது. பனிவீட்டுக்குக் கதவு கிடையாது. அது உள்ளே வந்து படுத்திருக்கிறது, நாள் கணக்கில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவர் எலும்பை எறிந்ததால் விட்டுவிட்டதா? எலும்பு வாங்கித் தின்று வாலாட்ட அது நம் வீட்டு நாய் இல்லையே.

அன்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரேடியோவில் பெயரைச் சொன்னீர்கள். அதைப் பிடுங்கியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவே இல்லை, அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. ஓர் இயோலா காலை நீட்டிக்கொண்டு அங்கே, ஓர் இயோலா பால் குடித்துக்கொண்டு என் மடியில். அது குனிந்து அவரை முகர்ந்து பார்த்திருக்கும். பால் வாசனை அடித்திருக்கும். கூட யாரோ இருக்கிறார்கள், இவன் தனி ஆள் இல்லை என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அதனால் என்ன செய்ய முடியும்? படுத்துக்கொண்டது.

அவர் குளிரில் போனார். உடைந்த காலால் போனார். ஆனால் அதன் வாயில் போகவில்லை. ஒண்டியாகவும் போகவில்லை.

இதை நீ நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு கேட்டால் இல்லை என்பேன். உங்களுக்கு எழுதும்போது நம்புகிறேன். அது போதும் என்று இருக்கிறது. இன்று அதற்கு மேல் என்னிடம் இல்லை.

இப்பீலி அண்ணனிடம் சொல்லுங்கள், லீத்தியாதான் பெயர் வைக்கச் சொன்னாள் என்று. முன்பே சொல்லிவிட்டீர்கள். இப்போது அது பொய் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறோம். உருண்டையாக இருக்கிறாள், தலை நீங்கள் சொன்னபடி பெரிதுதான். தெரியாதவர் தூக்கினால் முறைப்பாள், பிறகு அழுவாள். நான் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. தாளில் எழுதிவிட்டேன், வாயில் வர மறுக்கிறது. அதனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் ஓடுதளத்துக்கு வாருங்கள். எல்லோருக்கும் முன்னால் நில்லுங்கள். விமானச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்கள் முதலில் கூப்பிடுங்கள். தம்பி என்று சத்தமாகக் கூப்பிடுங்கள் அண்ணி. நீங்கள் கூப்பிட்டால் எனக்கும் வந்துவிடும்.

இப்படிக்கு,
லீத்தியா
இயோலா